பொட்டு ஈரம் இல்லை என்றார்கள்

1971 மார்ச் 7. அப்பல்லோ 14 வீரர்கள் நிலவை விட்டுக் கிளம்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கருவிகளில் ஒன்று, சுற்றிலும் திரியும் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களை, அளப்பதற்கானது. அன்றைக்கு அது நீராவியின் அயனிகளைப் பிடித்தது. ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. கருவிக்குப் பொறுப்பான ஆய்வாளர்கள், இது நிலவின் உள்ளிருந்து வெளியேறிய நீராவியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீரர்கள் விட்டுவந்த கலத்தின் ஈரமாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அப்பல்லோ 16 கொண்டுவந்த கற்களில் ஒன்றில் துரு ஏறியிருந்தது. 66095 என்பது அதன் எண். ஆய்வகத்தில் அதற்குத் 'துருப்பிடித்த கல்' என்றே பெயர். துரு ஏற ஈரம் வேண்டும். அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது: பூமிக்கு வந்த பிறகு நம் காற்று பட்டுத் துருப்பிடித்திருக்கும். 1976இல் சோவியத்தின் லூனா 24 இரண்டு மீட்டர் ஆழம் துளையிட்டு 170 கிராம் மண் எடுத்து வந்தது. அதில் எடையில் 0.1 சதவீதம் தண்ணீர் இருப்பதாக 1978இல் மூன்று சோவியத் அறிவியலாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். ரஷ்ய மொழி இதழில் வந்த அந்தக் கட்டுரையை மேற்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலவில் தண்ணீர் உண்டு என்று 2009இல் இந்தியாவின் சந்திரயான்-1 விண்கலம் சொன்ன செய்தியின் எடை புரிய வேண்டுமென்றால் இந்த முன்கதை தெரிந்திருக்க வேண்டும். அதுவரை யாருமே நிலவில் ஈரத்தைப் பார்க்காமல் இருக்கவில்லை. பார்த்தார்கள். பார்த்த ஒவ்வொரு முறையும் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். நிலவு முழுக்கக் காய்ந்த கட்டாந்தரை, பொட்டு ஈரம் கிடையாது என்ற முடிவு அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது.

அந்த முடிவைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. பூமியில் எரிமலைக் கல் எதை எடுத்துப் பார்த்தாலும், அதன் கனிமங்களுக்குள் தண்ணீர் புகுந்து வேலை செய்த தடம் எங்காவது தெரியும். நிலவுக் கற்களில் அந்தத் தடமே இல்லை. போதாக்குறைக்கு, கற்களை அடைத்து வந்த பெட்டிகளின் வாயை நிலவின் தூசி சரியாக மூடவிடவில்லை. பல பெட்டிகளுக்குள் காற்று புகுந்துவிட்டது. அப்படி வந்த கல்லில் துளி ஈரம் தெரிந்தால், அது ஆய்வகம் இருந்த ஹூஸ்டன் நகரத்துப் புழுக்கத்தின் ஈரம் என்று நினைப்பதுதான் நேர்மையான ஆய்வாளர் செய்யக்கூடியது. நிலவு பிறந்த விதமும் அதற்குத் துணை நின்றது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின் மேல் மோதி, சிதறிய குழம்பு திரண்டு நிலவானது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அத்தனை சூட்டில் தண்ணீர் எப்படித் தங்கும்?

பழைய ஐரோப்பிய வானியலாளர்கள் நிலவின் கருந்திட்டுகளைக் கடல்கள் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். அமைதிக் கடல், மழைக் கடல் என்று 1651இல் ரிச்சியோலி இட்ட பெயர்கள் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. நம் ஊரில் அதே திட்டுகளில் முயலையும், வடை சுடும் பாட்டியையும் பார்த்தோம். திட்டுகள் உறைந்துபோன எரிமலைக் குழம்பு என்று தெரிந்தபின் கடலும் போயிற்று, பாட்டியும் போய்விட்டாள். தண்ணீர் என்ற பேச்சே சிறுபிள்ளைத்தனமாகிவிட்டது.

ஆனால் ஒரு சின்ன ஓட்டை அந்த முடிவில் எப்போதும் இருந்தது. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால்தான் நமக்குக் கோடையும் குளிரும். நிலவின் அச்சுக்கு, சூரியனைப் பொறுத்தமட்டில், 1.5 டிகிரிதான் சாய்வு. ஆகவே நிலவின் துருவத்தில் நின்றால் சூரியன் தலைக்கு மேலே வராது. அடிவானத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். அங்கே ஒரு பெரிய பள்ளம் இருந்தால் அதன் அடித்தளத்தில் வெயில் விழவே விழாது. தென்துருவத்தை ஒட்டிய ஷாக்கிள்டன் பள்ளம் 21 கிலோமீட்டர் அகலம், நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அப்படிப்பட்ட பள்ளங்களில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெயில் படாத இடங்கள் உண்டு. வட துருவப் பக்கம் ஹெர்மைட் பள்ளத்தில் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் அளந்த குளிர் மைனஸ் 247 டிகிரி செல்சியஸ். சூரியனிலிருந்து எத்தனையோ மடங்கு தள்ளியிருக்கும் புளூட்டோவின் தரையைவிட இது குளிர்ச்சி.

இந்தக் குளிரில் தண்ணீர் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டினால் பிறகு கிளம்ப வழியில்லை. காற்றே இல்லாத இடத்திலும் பனிக்கட்டி ஆவியாகாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்க மைனஸ் 160 டிகிரியே போதும். 1961இலேயே, மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, வாட்சன், மர்ரே, பிரவுன் ஆகிய மூவரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பல்லோ கலங்கள் இறங்கியதெல்லாம் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில். ஒரு நாட்டின் பாலைவனத்தில் மட்டும் ஆறு இடங்களில் தோண்டிப் பார்த்துவிட்டு, அந்த நாட்டில் எங்குமே தண்ணீர் இல்லை என்று சொன்னது போல ஆகிவிட்டது.

1994இல் கிளெமென்டைன் விண்கலத்தின் ரேடார் அலைகள் தென்துருவத்தில் பனி இருக்கலாம் என்று காட்டின. பூமியிலிருந்து பார்த்த அரெசிபோ தொலைநோக்கி அதை உறுதிசெய்யவில்லை. 1998இல் லூனார் பிராஸ்பெக்டர் இரண்டு துருவங்களிலும் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதைக் கண்டது. ஆனால் ஹைட்ரஜன் இருந்தாலே தண்ணீர் என்று ஆகிவிடாது. 1999 ஜூலையில் அந்தக் கலத்தையே தென்துருவப் பள்ளம் ஒன்றில் மோதவிட்டுப் பார்த்தார்கள். எதுவும் எழவில்லை.

சந்திரயான்-1 போனது இந்த இழுபறியின் நடுவில்தான்.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அது கிளம்பியது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியைச் சேர்ந்தவர். நவம்பர் 14 இரவு, நிலவுக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த விண்கலத்திலிருந்து 34 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி பிரிந்தது. பக்கங்களில் மூவர்ணக் கொடி. உள்ளே மூன்று கருவிகள். தென்துருவத்தை நோக்கி அது விழுந்துகொண்டிருந்த 25 நிமிடங்களும் அந்தக் கருவிகள் வேலை செய்தன. அவற்றில் ஒன்று, எதிர்ப்படும் மூலக்கூறுகளை எடை போட்டுப் பார்க்கும் நிறைமானி. அதன் பெயர் சேஸ். ஹைட்ரஜன் அணுவின் எடை ஒன்று, ஆக்சிஜனுக்குப் பதினாறு. இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்தால் பதினெட்டு. நிலவின் வெயில் பக்கத்தில், துருவத்தை நெருங்க நெருங்க, கருவியின் பதிவில் 18 என்ற இடத்தில் கோடு உயர்ந்தது. இரவு 8.31க்குப் பெட்டி ஷாக்கிள்டன் பள்ளத்துக்கு அருகே மோதி நொறுங்கியது. அந்த 18ஐப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2010இல்தான் வெளிவந்தது. அதற்குள் உலகம் வேறொரு கருவியின் வழியாகச் செய்தியைக் கேட்டுவிட்டது.

அந்தக் கருவி நாசா கொடுத்து அனுப்பிய கனிம வரைவி. சுருக்கமாக எம்-க்யூப். பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்லி பீட்டர்ஸ் அதற்குத் தலைமை. நிலவின் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்தக் கனிமம் எங்கே என்று பார்ப்பது அதன் வேலை. தண்ணீரைத் தேட அதை யாரும் அனுப்பவில்லை. ஆனால் 3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒளி குறைந்து தெரிந்தது. தண்ணீரும், ஓர் ஆக்சிஜனோடு ஒரே ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த அதன் பாதிப் பிறவியான ஹைட்ராக்சிலும் ஒளியை விழுங்கும் இடம் அதுதான். குழுவினர் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் கருவியைத்தான். அளவீட்டில் ஏதோ பிசகு என்று மாதக்கணக்கில் சரிபார்த்தார்கள். பிசகு கிடைக்கவில்லை. பிறகு பழைய பதிவுகளைத் தேடினார்கள். சனிக்குப் போகும் வழியில் 1999இல் நிலவைப் பார்த்துவிட்டுச் சென்ற காசினி விண்கலத்தின் பதிவில் அதே ஒளிக்குறைவு இருந்தது. பத்து ஆண்டுகளாக அது வெளிவராமல் கிடந்திருக்கிறது. 2009 ஜூனில் டீப் இம்பாக்ட் விண்கலத்தை நிலவின் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். அதிலும் இருந்தது.

மூன்று கலங்கள், மூன்று வேறு கருவிகள், ஒரே பதில். 2009 செப்டம்பர் 24 அன்று மூன்று கட்டுரைகளும் சேர்ந்து வெளிவந்தன. சந்திரயான்-1 அதைக் கேட்க இல்லை. ஆகஸ்ட் 29 அன்றே அதனுடன் தொடர்பு அறுந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய கலம் 312 நாளில் ஓய்ந்தது. ஆனாலும் நாற்பது ஆண்டு முடிவு ஒன்றை அது மாற்றிவிட்டுத்தான் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சரி, கண்டுபிடித்தது என்ன? மறுநாள் செய்தித்தாள்களில் 'நிலவில் தண்ணீர்' என்று வந்ததும், ஏரி குளம் இருப்பது போலப் பலர் நினைத்துக்கொண்டார்கள். குட்டைகூட இல்லை என்று பீட்டர்ஸே அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார். 'தண்ணீர்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பேசினால் எல்லாம் குழம்பிவிடும்.

எம்-க்யூப் பார்த்தது மேல்தோலில் ஒட்டியிருக்கும் ஈரம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றில் பெரும்பங்கு ஹைட்ரஜன் கருக்கள். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிலவின் மண்ணில் மோதுகின்றன. நிலவு மண்ணின் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஆக்சிஜன்தான், சிலிக்கா முதலான கனிமங்களில் கட்டுண்டு கிடக்கிறது. மோதும் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சில் ஆகிறது, கொஞ்சம் தண்ணீரும் ஆகிறது. வெயிலும் மண்ணும் போதும், இது நடந்துகொண்டே இருக்கும். அளவு மிகமிகக் குறைவு: ஒரு டன் மேல்மண்ணைப் பிழிந்தெடுத்தாலும் ஒரு லிட்டர் தேறாது. ஹைட்ராக்சில் மட்டுமா, உண்மையான தண்ணீரும் உண்டா என்ற கேள்விக்கு 2020இல் பதில் வந்தது. விமானத்தில் பறந்தபடி வானைப் பார்த்த சோஃபியா தொலைநோக்கி, கிளேவியஸ் பள்ளத்தில், வெயில் விழும் இடத்திலேயே, தண்ணீர் மூலக்கூறுக்கு மட்டுமே உரிய 6 மைக்ரான் தடயத்தைக் கண்டது. ஒரு கன மீட்டர் மண்ணுக்கு ஏறத்தாழ 350 மில்லி. சகாரா பாலைவனத்து மணலில் அதைப்போல் நூறு மடங்கு ஈரம் உண்டு.

இரண்டாவது, நிழல் பள்ளங்களில் கிடக்கும் பனி. இதை நேரடியாகத் தட்டிப் பார்த்தது நாசாவின் எல்கிராஸ். 2009 அக்டோபர் 9 அன்று, தன்னைச் சுமந்து வந்த ராக்கெட்டின் காலியான மேல் அடுக்கை, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளதை, தென்துருவத்துக் கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டது. எழும்பிய புழுதிக்குள் நான்கு நிமிடம் கழித்துத் தானும் புகுந்து, மோதி முடியும்வரை அளந்தது. பார்வைக்கு எட்டிய அளவில் 155 கிலோ போல நீராவியும் பனியும். கணக்குப் போட்டால் மண்ணின் எடையில் 5.6 சதவீதம், முன்பின் மூன்று சதவீதம்.

இந்த 5.6 சதவீதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்ப்பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டு நிலங்களும் அதே வகைப் பாறைதான். அதை மாவாக அரைத்து நிலவு மண்ணைப் போலச் செய்துதான் சந்திரயான்-2இன் ஊர்தியை இஸ்ரோ ஓட்டிப் பார்த்தது. அந்த மாதிரி மண்ணை வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் நிரப்புகிறோம் என்று வையுங்கள். இருபது இருபத்திரண்டு கிலோ வரும். அது கேபியஸ் மண்ணாக இருந்தால் அந்தக் குடத்திலிருந்து ஒன்றேகால் லிட்டர் வரை தண்ணீர் எடுக்கலாம். கிளேவியஸ் மண்ணாக இருந்தால் ஒரு தேக்கரண்டிதான். இரண்டும் 'நிலவில் தண்ணீர்' என்ற ஒரே தலைப்பில்தான் செய்தியானது.

குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: கேபியஸ் புழுதியில் தண்ணீரோடு அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தனால், கார்பன் டை ஆக்சைடு, பாதரசம் எல்லாம் இருந்தன. அந்தக் குளிர்ந்த பள்ளம் ஒரு பொறி, அதில் தண்ணீர் மட்டுமா வந்து மாட்டும், வந்ததெல்லாம் மாட்டும். சுத்தப்படுத்தாமல் வாயில் வைக்க முடியாது.

மூன்றாவது, கல்லுக்குள் அடைபட்ட தண்ணீர். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர் ஹாரிசன் ஷ்மிட், ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நடந்தபோது கால் பட்ட இடத்தில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறமான உலகத்தில் ஆரஞ்சு. பாறைகளை ஆராயும் நிலவியல் படித்து நிலவுக்குப் போனவர் அவர் ஒருவர்தான், பார்த்ததுமே உற்சாகத்தில் கத்திவிட்டார். பூமிக்கு வந்த அந்த மண் முழுக்கப் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகள், கடுகைவிடச் சிறியவை. முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலவின் அடியாழத்திலிருந்து எரிமலைக் குழம்பு ஊற்றாகப் பீறிட்டுத் தெறித்து, விழும் முன்பே உறைந்தவை. இப்படிப்பட்ட மணிகளுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று 2008இல் ஆல்பெர்ட்டோ சால் குழுவினர் காட்டினார்கள். மணியின் ஓரத்தைவிட நடுவில் ஈரம் அதிகம். பூமியின் காற்றிலிருந்து வந்திருந்தால் ஓரத்தில்தானே அதிகம் இருக்கும்? முப்பத்தாறு ஆண்டுகள் ஆய்வகத்தில் கையருகே இருந்த மண்ணுக்குள் இந்தப் பதில் காத்திருந்தது. 2011இல் அதே மண்ணில், படிகங்களுக்குள் சிறைப்பட்ட குழம்புத் துளிகளை அளந்தபோது, பூமியின் கடலடி எரிமலைகளுக்கு அடியிலுள்ள பாறையில் எவ்வளவு தண்ணீரோ அதற்கு ஒப்பான அளவு தெரிந்தது. அப்படியானால் அந்தப் பெருமோதலின் சூட்டில் தண்ணீர் முழுதும் ஆவியாகிப் போய்விடவில்லை. அல்லது மோதலுக்குப் பின் சீக்கிரமே வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. எதுவானாலும் நிலவின் பிறப்புக் கதையில் ஒரு பத்தியைத் திருத்தி எழுத வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பெரிதாகத் தோன்றுவது இதுதான். பூமிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்னும் முடிவான பதில் இல்லை. பூமியில் பழைய சான்றுகள் தங்கவில்லை. மழையும் ஆறும் எரிமலையும் கண்டங்களின் நகர்வும் எல்லாவற்றையும் அழித்து எழுதிவிட்டன. நிலவில் மழை இல்லை, ஆறு இல்லை. பூமியின் மேல் விழுந்த வால்விண்மீன்களும் சிறுகோள்களும் பக்கத்திலிருந்த நிலவின் மேலும் விழுந்தன. அவை கொண்டுவந்த ஈரத்தில் கொஞ்சம் துருவப் பள்ளங்களில் அடுக்கடுக்காக உறைந்து கிடக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அதனிடமே கேட்கவும் வழி உண்டு. ஹைட்ரஜனில் டியூட்டீரியம் என்ற கனமான வகை ஒன்று இருக்கிறது. சூரியக் காற்றில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல வால்விண்மீன்களில் பூமியின் கடலைவிட மிகுதி. ஒரு கைப்பிடிப் பனி கிடைத்து, அதில் டியூட்டீரியத்தின் பங்கை எண்ணினால், அது யார் கொண்டுவந்த தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

சந்திரயான்-1இன் பதிவுகள் இன்னமும் புதுச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2018இல் ஷுவாய் லீ குழுவினர் அவற்றை வைத்துத்தான் துருவ நிழல்களில் பனி வெளியே தெரியும்படி கிடப்பதைக் காட்டினார்கள். 2020இல் அதே பதிவில் ஹெமடைட், அதாவது துரு, நிலவின் துருவங்களை ஒட்டிய பகுதிகளில் பரவியிருப்பதைக் கண்டார்கள். 66095ஆம் கல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விண்வெளி நிறுவனங்கள் தண்ணீரைத் தேடி ஓடுவதற்குக் காரணம் வேறு. அது எரிபொருள்.

சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எடை 640 டன். அதில் நிலவில் இறங்கப் போன விக்ரம் கலம் ஒன்றே முக்கால் டன்தான், அதிலும் பெரும்பங்கு எரிபொருள். மீதியெல்லாம் பூமியின் ஈர்ப்பை மீறி ஏறுவதற்கான செலவு. பூமியிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலவிலிருந்து தப்ப 2.4 கிலோமீட்டர் போதும். ஆகவே எரிபொருளை நிலவிலேயே தயாரிக்க முடிந்தால் தொலைதூரப் பயணங்களின் கணக்கே மாறிவிடும். தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒன்பது கிலோவுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜனும் எட்டு கிலோ ஆக்சிஜனும் பிரியும். இரண்டையும் குளிர்வித்துத் திரவமாக்கினால், எல்.வி.எம்.-3இன் மேலடுக்கில் எரிவதே அதுதான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ அந்த கிரையோஜெனிக் எஞ்சினை எரித்துச் சோதிக்கும்போது, வாயிலிருந்து வெண்புகையாக வெளியேறுவது நீராவி. தண்ணீரைப் பிரித்துக் கிடைத்த இரண்டும் மறுபடி சேர்ந்து தண்ணீராகின்றன, அந்தச் சேர்க்கையின் வெப்பம்தான் ராக்கெட்டைத் தள்ளுகிறது. எஞ்சினுக்குப் போக மிச்சப்படும் ஆக்சிஜன் மூச்சுக்கு. தண்ணீராகவே வைத்துக்கொண்டால் குடிக்க, பயிருக்கு, கதிர்வீச்சைத் தடுக்கும் சுவருக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க நம் வீட்டு மின்கணக்கில் ஐந்து ஆறு யூனிட் ஆகும். ஒரு டன்னுக்கு ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல். வெயிலே படாத பள்ளத்தில் சோலார் தகடு வைக்க முடியாது. பள்ளத்தின் விளிம்பில் வைத்து, மின்சாரத்தைக் கீழே கொண்டுபோக வேண்டும். மைனஸ் 230 டிகிரியில் மண்ணோடு உறைந்த பனி காங்கிரீட் போல இறுகியிருக்கும், சாதாரண எஃகும் மசகெண்ணெயும் அங்கே வேலைக்கு ஆகாது.

அப்புறம், எவ்வளவு பனி இருக்கிறது என்ற கேள்வி. சந்திரயான்-1இன் ரேடார் பதிவை வைத்து, வடதுருவத்தின் நாற்பது சிறு பள்ளங்களில் 60 கோடி டன் பனி இருக்கலாம் என்று 2010இல் மதிப்பிட்டார்கள். இந்த எண்ணைப் பல கட்டுரைகளில் உறுதியான உண்மை போலவே எழுதுகிறார்கள், அது தவறு. பனி இரண்டு மூன்று மீட்டர் தடிமன் இருந்தால் என்ற நிபந்தனையோடு சொன்னது அது. கரடுமுரடான கற்குவியலும் ரேடாருக்குப் பனியைப் போலவே தெரியும் என்று மற்றவர்கள் மறுத்திருக்கிறார்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன் கோளின் துருவப் பள்ளங்களில் பனி பளிச்சென்று ரேடாரில் தெரிகிறது. நிலவில் அப்படித் தெரிவதில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பது இன்னும் அவிழாத முடிச்சு. தடித்த பனிப்பாளங்களாக இல்லாமல், மண்ணோடு மண்ணாகப் பொடியாகக் கலந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று தோன்றுகிறது.

தீர்வு ஒன்றுதான், போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 69 டிகிரி தெற்கில் இறங்கியது. அதுவரை எந்தக் கலமும் தென்துருவத்துக்கு அவ்வளவு பக்கத்தில் பத்திரமாக இறங்கியதில்லை. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள வெப்பமானி ஒன்றை மண்ணுக்குள் இறக்கிப் பார்த்தது. மேலே 50 டிகிரிக்கு மேல், எட்டு சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. ஒரு சாண் ஆழம்கூட இல்லை, கொதிப்பு உறைபனியாகிவிட்டது. நிலவின் மண் அவ்வளவு மோசமான வெப்பக்கடத்தி. துருவத்துக்கு இன்னும் அருகே, நிழலான சரிவுகளில், கொஞ்சம் தோண்டினாலே பனி தங்கும் குளிர் இருக்கலாம் என்ற நம்பிக்கையை இந்தச் சிறு அளவீடு தந்தது.

பிறகு நடந்தவை அவ்வளவு நன்றாகப் போகவில்லை. பனியைத் துளையிட்டுத் தேட நாசா கட்டி முடித்த வைப்பர் ஊர்தியை, செலவு கூடிவிட்டது என்று 2024இல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அறிவியலாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2025இல் அதற்கு மறுவழி பிறந்தது. 2025 மார்ச்சில் துளையிடும் கருவியோடு தென்துருவப் பக்கம் இறங்கிய அதீனா கலம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அதே ராக்கெட்டில் போன, நீர் வரைபடம் போடும் லூனார் டிரெய்ல்பிளேசர், கிளம்பிய மறுநாளே தொடர்பை இழந்தது. சீனாவின் சாங்இ-7, இருட்டுப் பள்ளத்துக்குள் தாவி இறங்கும் சிறு கருவியோடு தயாராகிறது. இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து செய்யும் சந்திரயான்-5, ஜப்பானிய ஊர்தியைத் தென்துருவத்துக்குக் கொண்டுபோய்த் துளையிட்டுப் பார்க்கும் திட்டம்.

எல்லோரும் ஒரே சில இடங்களைத்தான் குறிவைக்கிறார்கள். வெயில் அதிகம் படும் விளிம்பு, பக்கத்திலேயே பனிப் பள்ளம் என்று இரண்டும் அமைந்த இடங்கள் துருவத்தில் குறைவு. எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம் என்று 2015இல் அமெரிக்கா சட்டம் செய்தது. நிலவுப் பயணங்களுக்கு நெறிமுறை வகுக்க அமெரிக்கா முன்னெடுக்கும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியா 2023 ஜூனில் கையெழுத்திட்டது. சீனாவும் ரஷ்யாவும் தனியாக ஒரு நிலவுத் தளம் திட்டமிடுகின்றன. யார் முதலில் தோண்டுவது என்பது பற்றித்தான் பேச்சு. தோண்டும் முன் எதைப் படித்து வைத்துக்கொள்வது என்பது பற்றிய பேச்சு மிகக் குறைவு. இது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஏனென்றால், இறங்கும் கலத்தின் புகையிலேயே நீராவி இருக்கிறது. காற்றில்லாத நிலவில் அது நெடுந்தூரம் பரவும், குளிர்ந்த இடம் தேடிப் போய் ஒட்டும். அதாவது ஒவ்வொரு கலமும் நூறு கோடி ஆண்டுப் பனியின் மேல் நம் ஊர் ஈரத்தை ஒரு பூச்சுப் பூசிவிட்டு வரும். 1971இல் நிலவின் ஈரத்தை நம் ஈரம் என்று ஒதுக்கினோம். இனி நம் ஈரத்தை நிலவின் ஈரம் என்று எண்ணிவிடக் கூடாது. இருட்டுப் பள்ளங்களில் சிலவற்றையாவது யாரும் நெருங்காமல், புகை படாமல், ஆய்வுக்கென்று விட்டுவைக்க நாடுகள் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொறுமைக்கு அப்பல்லோவிலேயே முன்மாதிரி உண்டு. 1972இல் அப்பல்லோ 17 வீரர்கள் சுத்தியலால் அடித்து இறக்கி எடுத்த மண்குழாய் ஒன்றை நிலவிலேயே வெற்றிடத்தில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். வருங்காலத்தில் இன்னும் நல்ல கருவிகள் வரும் என்று நம்பி, அதைத் திறக்காமல் வைத்தார்கள். 2022 மார்ச்சில், ஐம்பது ஆண்டு கழித்து, முதலில் அதன் வாயுவைத் துளையிட்டு எடுத்த பிறகு, மண்ணை வெளியே தள்ளினார்கள். துருவத்துப் பனி கிடைத்தால் அதை எப்படிக் கையாள்வது என்பதற்கும் அந்த வேலை ஓர் ஒத்திகை. ஆனால் குழாயில் இருந்தது உலர்ந்த மண். பனியைக் கொண்டுவர, நிலவில் தோண்டும் நொடியிலிருந்து பூமியின் ஆய்வகம் வரை மைனஸ் 160க்குக் கீழேயே வைத்திருக்கும் ஒரு பெட்டி வேண்டும். அப்படி ஒரு பெட்டி இதுவரை நிலவுக்குப் போனதில்லை.